பதினேழாம் நம்பர் மரம்

ஆகஸ்ட் 28

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், இவர் தினமும் என்ன சொல்கிறார், அதற்கு என்ன பொருள் என்று தேதி போட்டு எழுதி வைக்கச் சொன்னாள். அதற்காகத்தான் இந்த டைரி. மற்றபடி உட்கார்ந்து டைரி எழுதுகிற சென்மம் இல்லை நான்.

எழுத ஒன்றும் இருக்காது என்று அவளிடமே சொன்னேன். பக்கவாதம் வந்த நாளில் இருந்து என் வீட்டுக்காரருக்கு மிஞ்சியிருப்பது ஒரே வார்த்தை. எல்சி. லைன் கிளியர். கரண்டை நிறுத்தியாயிற்று, இனிமேல் கம்பத்தில் ஏறலாம் என்று ஏறுகிறவன் முறையாகக் கேட்டு வாங்குகிற அனுமதி. வேலை முடிந்து இறங்கியதும் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு எல்சி ரிட்டர்ன் என்று பெயர். எல்சி வாங்காமல் ஏறினவன் உயிரோடு இறங்குவது அவன் வீட்டுக்காரியின் தாலி பாக்கியம். இவர் வயர்மேனாகச் சேர்ந்து போர்மேனாகப் படுத்தவர். ஆயுசில் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான் போலிருக்கிறது. என் பெயரை விட அதிகம்.

சொன்னது: எல்சி. பொருள்: காபியில் சர்க்கரை இல்லை.
சொன்னது: எல்சி. பொருள்: ஃபேன்.
சொன்னது: எல்சி. பொருள் தெரியவில்லை. ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

செப்டம்பர் 1

மின்வாரியக் கோட்ட அலுவலகத்தில் கூட்டம். எல்லாப் பிரிவு உதவிப் பொறியாளர்களும் வர வேண்டும் என்று உத்தரவு. நான் கரும்பொத்தைப் பிரிவு. எங்கள் ஊர் மலையடிவாரம். ஆடியில் காற்று அடித்து மரம் சாயும், ஐப்பசியில் மழை பெய்து மரம் சாயும், நடுவில் மரம் சும்மா சாயும். சாய்ந்தால் லைன் மேல்தான்.

செயற்பொறியாளர் திரையில் படம் காட்டினார். இனிமேல் மரங்களை வயர்மேன் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லையாம். சாட்டிலைட் குனிந்து பார்க்குமாம். லைனுக்கு ஆபத்தாக வளர்ந்த மரம் இருக்கிற இடம் படத்தில் சிவப்பு. இன்னும் ஒரு வருஷத்தில் தொடப்போகிற மரம் மஞ்சள். மரமே இல்லாத இடம் பச்சை.

“சார், மரம் இல்லாத எடம் பச்சையா?” என்று கேட்டேன்.

“பாதுகாப்பா இருக்குன்னு அர்த்தம்மா” என்றார். இந்தக் கலர் பிரித்தவன் நன்றாக இருக்கட்டும்.

எங்கள் பிரிவுக்கு இருபத்திரண்டு சிவப்பு. ஒவ்வொன்றையும் நேரில் பார்த்து, போட்டோ எடுத்து, ஐப்பசி மழைக்கு முன்னால் வெட்டி முடிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் படப்பிரிவில் ஹெப்சிபா என்று ஒரு பெண் இருக்கிறாள், அவளைக் கேட்கலாம்.

சொன்னது: எல்சி. பொருள்: ஏன் லேட்டு.

செப்டம்பர் 3

வயர்மேன் பூல்பாண்டியைக் கூட்டிக்கொண்டு சிவப்புகளைப் பார்க்கக் கிளம்பினேன். இவரிடம் வேலை பழகினவன் பூல்பாண்டி. வாய் கொஞ்சம் நீளம், ஆனால் கம்பத்தில் கை சுத்தம்.

நாலாம் நம்பர்: மரம் இல்லை, சுரைக்கொடி. கம்பத்தைத் தாங்குகிற ஸ்டே கம்பியைப் பிடித்து மேலே ஏறி இரண்டு காய் வேறு விட்டிருக்கிறது.

“ஏம்மா, கம்பத்துல சுரைக்கா காய்க்கது சாட்டிலைட்டுக்குத் தெரியுது. நம்ம ரெண்டு பேருக்கும் தெரியலயே” என்றான் பூல்பாண்டி.

“பறிச்சிட்டுக் கொடியை அறு” என்றேன். ஒரு காயை என் வண்டியில் வைத்தான். கூட்டு வைத்தேன்.

ஒன்பதாம் நம்பர்: தங்கப்பழம் என்பவரின் தோப்பில் நாலு தென்னை. மட்டை காற்றில் ஆடினால் லைனைத் தொடும். இது நிஜம். வெட்ட வேண்டும்.

சொன்னது: எல்சி. பொருள்: சுரைக்காய் வேண்டாம்.

செப்டம்பர் 5

பதினொன்றில் இருந்து பதினாறு வரை முடிந்தது.

பதினேழு, சங்குமுத்து தெரு, கடைசி வீடு, பின்பக்கம். நாவல் மரம். பதினோராயிரம் வோல்ட் லைனுக்கு மேலே கவிந்திருக்கிறது. உரிமையாளர் அலுவலக வேலையாக வெளியே போயிருந்தபடியால் விசாரிக்க முடியவில்லை.

உரிமையாளர் நான்தான். எங்கள் வீடு. இதை எழுதாமல் விட்டால் நாளைக்கு எனக்கே குழப்பம் வரும்.

பூல்பாண்டி போட்டோ எடுக்காமல் செருப்பில் ஒட்டிய சேற்றைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

“எடு” என்றேன்.

“வெளிச்சம் பத்தலம்மா” என்றான். உச்சி வெயில்.

“அப்போ இன்னொரு நாள் பாப்போம்” என்றேன். வெளிச்சம் பற்றவில்லை என்பதும் ஒரு காரணம்தானே.

செப்டம்பர் 6

அந்த மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், அதை நட்டது இவர். வீடு கட்டிய வருஷம். லைன் அதற்கு முன்னாலேயே இருந்தது. லைனுக்கு அடியில் மரம் வைக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் நோட்டீஸ் கொடுத்த மனுஷன், தன் வீட்டில் லைனுக்கு அடியில் நாவல் வைத்தார். கேட்டதற்கு, “அடுத்த வருஷம் லைனை ரோட்டோரம் மாத்தப் போறாவ. எஸ்டிமேட் போட்டாச்சு” என்றார். எஸ்டிமேட்டை நம்பி மரம் வைத்த ஒரே ஆள் எங்கள் துறையிலேயே இவராகத்தான் இருப்பார். லைன் அங்கேயேதான் இருக்கிறது.

இப்போது அவர் கட்டில் ஜன்னலைப் பார்த்துக் கிடக்கிறது. ஜன்னலில் தெரிவது அந்த மரம் மட்டும். காலையில் கிளி, மத்தியானம் அணில், சாயந்திரம் மைனாக்கள் சண்டை. டிவி போட்டால் கண்ணை மூடிக்கொள்கிறார். மரத்தைப் பார்த்தால் திறந்திருக்கிறார்.

கட்டிலில் காற்று மெத்தை. கரண்டில் ஓடுகிற சின்ன மோட்டார் ஒன்று மாற்றி மாற்றிக் காற்று ஏற்றும். படுக்கைப்புண் வராமல் இருக்க அது ஓடியாக வேண்டும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் கொஞ்ச நேரம் தாங்கும். அதுவும் போனால் மெத்தை தரையோடு தரை.

அந்த மெத்தைக்குக் கரண்ட் வருவது அந்த லைனில் இருந்துதான். இது ஒரு தகவல், அவ்வளவுதான்.

சொன்னது: எல்சி. பொருள்: திரையை விலக்கு.

செப்டம்பர் 9

ஹெப்சிபாவிடம் பேசினேன். சின்னப் பெண், குரலில் தெரிகிறது.

“பதினேழு சந்தேகமா இருக்கு. நிழலா இருக்கலாம்லா?”

“நிழல் இல்லை மேடம். சூரியன் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு கணக்குப் பண்ணித்தான் போடுவோம்.”

“அப்போ மேகம்.”

“மேகம் சிவப்பா வராது மேடம்.”

“நேரில போய்ப் பாத்தேன். அவ்வளவு ஒண்ணும் பெரிய மரமாத் தெரியல.”

“போட்டோ அனுப்புங்க மேடம்.”

வெளிச்சம் பற்றவில்லை என்று சொன்னேன். வேறு வழியில்லாமல், பழைய வருஷங்களின் படங்களையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். முன்னால் இருந்தே இதே அளவில்தான் இருக்கிறது, ஒரு ஆபத்தும் வந்ததில்லை என்று நிரூபணம் ஆகிவிடும். சுத்தமான தொழில்நுட்பக் கேள்வி.

செப்டம்பர் 12

சிவப்புப் பட்டியல் ஊருக்குள் போய்விட்டது. எப்படிப் போனது என்று பூல்பாண்டியைக் கேட்டேன்.

“டீக்கடையில கேட்டாவம்மா. பொய் சொல்லத் தெரியல.”

இன்று காலையில் பத்தொன்பதாம் நம்பர் புளியமரத்தில் மஞ்சள் துணி. அடியில் குங்குமம், ஒரு செங்கல்லுக்குச் சந்தனம். இருபதிலும் துணி. ஆறில் துணியோடு எலுமிச்சம்பழமும்.

இது எங்கள் ஊர் வழக்கம். மஞ்சள் துணி கட்டிவிட்டால் அது சாமி மரம். அப்புறம் வெட்டுகிற கூலிக்காரன் ஒருத்தனும் அரிவாளைத் தூக்க மாட்டான். தூக்க வேண்டுமானால் தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, உள்ளே குடியிருக்கிற சாமியிடம் உத்தரவு கேட்க வேண்டும். சாமி உத்தரவு கொடுத்ததாக மரத்துச் சொந்தக்காரன் சொல்ல வேண்டும். சொந்தக்காரன் ஏன் சொல்லப்போகிறான்?

செப்டம்பர் 15

தங்கப்பழத்தின் தோப்பு. நாலு தென்னையிலும் துணி.

“இது சாதாரணத் தென்னை இல்லம்மா. மாடன் குடியிருக்காரு” என்றார்.

“எப்போ இருந்து?”

“முந்தாநாள்ல இருந்து.”

“நாலு மரத்துலயுமா?”

“பெரிய சாமில்லா. கை கால் நீட்டிப் படுக்க எடம் வேணாமா?”

நான் சிரிக்கவில்லை. பூல்பாண்டி லைனைப் பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது.

இருபத்திரண்டில் சுரைக்கொடி போக, வெட்டியது மூன்று. மற்றதில் எல்லாம் தெய்வம் குடியேறிவிட்டது. இவ்வளவு சிறிய பிரிவில் இவ்வளவு தெய்வம் வேறெங்கும் இருக்காது.

சொன்னது: எல்சி. பொருள்: நான் மாடன் கதையைச் சொன்னேன். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பு என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 19

படுக்கை விரிப்பு மாற்றினேன். ரேஷனில் துவரம்பருப்பு இல்லை. எல்சி, எல்சி, எல்சி.

செப்டம்பர் 24

ஹெப்சிபா கூப்பிட்டாள். குரலில் உற்சாகம். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

“மேடம், நீங்க சொன்ன மாதிரி பதினேழோட பழைய படமெல்லாம் வரிசையா எடுத்து வச்சுப் பாத்தேன். சுவாரஸ்யமா இருக்கு மேடம்! ஒவ்வொரு வருஷமும் ஆடி மாசம் முடிஞ்சு எடுத்த படத்துல, லைன் பக்கம் மட்டும் கிளையே இல்லை. கத்தி வச்சு நறுக்குன மாதிரி நேரா இருக்கு. அப்புறம் கொஞ்சம் தழையுது, மறுபடி அடுத்த ஆடியில நறுக்கியிருக்கு. எத்தனையோ வருஷமா இப்படியே. யாரோ ரொம்பத் தெரிஞ்ச கைதான் மேடம். மரத்துக்கும் சேதம் இல்லை, லைனுக்கும் சேதம் இல்லை.”

போனை மறுகாதுக்கு மாற்றினேன்.

“மூணு வருஷத்துக்கு முன்னாடி அது நின்னு போச்சு. அதுல இருந்து மரம் லைனைப் பாத்தே வளருது. யாரு மேடம் வெட்டிட்டு இருந்தாங்க? ஏன் திடீர்னு நிறுத்திட்டாங்க?”

சிக்னல் சரியில்லை, கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

படங்களை அனுப்பியிருந்தாள். எங்கள் வீடு ஒரு தீப்பெட்டி அளவு. பக்கத்தில் மரம். வருஷா வருஷம் ஒரு பக்கம் வெட்டுப்பட்ட வட்டமாக இருக்கிறது. பிறகு ஒரு வருஷம், இவர் விழுந்த வருஷம், வட்டம் முழுசாகிறது. அடுத்த வருஷம் பெரிதாகிறது. நாங்கள் இங்கே கீழே டாக்டர், ஆட்டோ, பெட்பேன் என்று அலைந்துகொண்டிருந்ததை மேலே ஒருவன் மரத்தை மட்டும் பார்த்தே குறித்து வைத்திருக்கிறான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆபீசில் ஆள் இருந்ததால் ஸ்டோர் அறைக்குப் போய் இன்சுலேட்டர் எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன்.

செப்டம்பர் 25

பூல்பாண்டியிடம் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான்.

“அண்ணாச்சி வெட்டுதான் மதினி” என்றான். ஆபீசில் அவன் என்னை அம்மா என்பான். மதினி என்று வந்தால் விஷயம் வேறு. “வருசா வருசம் ஆடியில அந்த லைன்ல வேற ஏதாச்சும் வேலைக்கு எல்சி வாங்குவோம்லா, அதோட சேத்து அவுகளே ஏறி வெட்டிருவாவ. என்னைய ஏற விட மாட்டாவ. ‘ஏ, மரத்தை வைக்கவும் தெரியணும், வச்ச மரத்தை லைனோட சண்டைக்கு விடாம பாத்துக்கிடவும் தெரியணும்’ம்பாவ. உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாது” என்றேன்.

ஆடி மாதத்தில் சில நாள் இவர் வீட்டுக்கு வரும்போது தலையில் நாவல் இலை ஒட்டியிருக்கும். நான் எடுத்துப் போடுவேன். எங்கே போனீர்கள் என்று கேட்டதில்லை. ஆபீசில் அவர் எனக்குக் கீழே, வீட்டில் நான் அவருக்குக் கீழே. எந்தக் கேள்வியை எங்கே கேட்பது என்று எனக்கு எப்போதும் குழப்பம்தான்.

சொன்னது: எல்சி. பொருள்: என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். என்ன என்று கேட்டிருப்பார்.

அக்டோபர் 1

ஆபீசில் ஆயுத பூஜை. ஏணிக்கும் கயிற்றுக்கும் மரம் அறுக்கிற மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. ஊரில் வெட்ட வேண்டிய மரத்துக்கெல்லாம் ஏற்கெனவே சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. இரண்டு பக்கமும் பொட்டு வைத்துக்கொண்டு யார் யாரை வெட்டுவது?

செயற்பொறியாளர் போனில், “உங்க பிரிவு மட்டும் ஏம்மா இன்னும் சிவப்பாவே இருக்கு?” என்றார். விசேஷ நாள் சார் என்றேன்.

பொரிகடலை மிச்சம். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இவருக்கு மெல்ல வராது. நான்தான் தின்றேன்.

அக்டோபர் 4

பதினேழாம் நம்பர் மரத்தில் யாரோ மஞ்சள் துணி கட்டியிருக்கிறார்கள். விசாரிக்க வேண்டும்.

அக்டோபர் 5

பகலில் இவரைப் பார்த்துக்கொள்ள வருகிற செல்லத்தாய், துணி மடிக்கும்போது என் மஞ்சள் வாயில் சேலையைத் தூக்கிக் காட்டினாள்.

“யக்கா, முந்தியில ஒரு முழத்தைக் காணும்.”

“எலி கடிச்சிருக்கும்.”

“எலி கத்தரி வச்சா வெட்டும்? நேரா இருக்கு.”

“உனக்கு வேலை இல்லையா?”

அவள் ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்தாள். சேலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் சேலையை மடித்து அடியில் வைத்தாள். நல்ல பெண். வாய்தான் சும்மா இருக்காது. இந்நேரம் தெரு முழுக்கத் தெரிந்திருக்கும்.

சொன்னது: எல்சி. பொருள்: மரத்தைப் பார்த்துச் சொன்னார். துணியைக் கேட்கிறார். “யாரோ கட்டியிருக்காவ” என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அடுப்பில் வேலை இருந்தது.

அக்டோபர் 8

தங்கப்பழம் ஆபீசுக்கு வந்தார். கூடவே நாலைந்து பேர். கடைசியாக ஒரு முறை நோட்டீஸ் கொடுத்திருந்தேன், அதற்குப் பதில் சொல்ல வந்தார்களாம்.

நான் சட்டம் சொன்னேன். லைன் அறுந்து விழுந்தால் கீழே போகிற ஆடு மாடு மனுஷன் எல்லாம் போய்விடும் என்று சொன்னேன். போன ஐப்பசியில் பூல்பாண்டி கொட்டுகிற மழையில் ஏறிக் கிளை எடுத்ததைச் சொன்னேன். நன்றாகவே பேசினேன். எனக்கே திருப்தியாக இருந்தது.

தங்கப்பழம் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக, மரியாதையாகத்தான் கேட்டார்.

“அம்மா சொல்லுதது எல்லாம் ஞாயம்தான். பதினேழாம் நம்பர்ல எந்தச் சாமி இருக்காரு?”

மேஜை மேல் இருந்த நோட்டீஸ் நகல்களை அடுக்கி வைத்தேன்.

“அது பரிசீலனையில இருக்கு” என்றேன்.

“சரிம்மா. எங்க மாடனும் பரிசீலனையிலயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு எழுந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கூடத் தேவலாம்.

அக்டோபர் 16

மழை. நேற்று மாலையில் பிடித்தது, இன்று முழுக்க விடவில்லை.

காலை பத்து மணிக்கு லைன் ட்ரிப் ஆகிக் கரண்ட் போனது. சப்ஸ்டேஷனில் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள், நிற்கவில்லை. எங்கேயோ ஏதோ தொடுகிறது. பூல்பாண்டியும் இன்னொருவனும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு லைன் நெடுக நடந்து பார்க்கப் போனார்கள். நான் ஆபீசில் போனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கரண்ட் எப்போ வரும், கரண்ட் எப்போ வரும். அதைத் தவிர இந்த ஊருக்கு ஒரு கேள்வியும் கிடையாது.

மத்தியானம் செல்லத்தாய் கூப்பிட்டாள். “யக்கா, இன்வெர்ட்டரு கீ கீன்னு கத்திட்டு ஆஃப் ஆயிருச்சு. மெத்தை எறங்குது. அண்ணாச்சி ஒரே சத்தம் போடுதாவ.”

போனிலேயே கேட்டது. எல்சி, எல்சி, எல்சி என்று. பொருள் கேட்கத் தேவையில்லை. முதுகு.

நான் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். நானும் செல்லத்தாயும் அவரைப் புரட்டிப் புரட்டிப் படுக்க வைத்தோம். மெத்தை நனைந்த கோணியாகக் கிடந்தது. இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து, ஒரு இடத்தில் உரிந்திருக்கிறது. மூன்று வருஷமாக ஒரு புண் வராமல் காப்பாற்றினேன். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. மழை மேல் என்று வைத்துக்கொண்டேன்.

அப்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நாவல் மரத்தின் ஒரு கிளை லைன் மேல் கிடந்து, நுனி கருகிப்போயிருந்தது. மஞ்சள் துணி நனைந்து மரத்தோடு ஒட்டியிருந்தது.

இவர் முன்னாலேயே பார்த்திருக்கிறார். காலையில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டேதான் கிடந்திருக்கிறார். முதுகுக்குத்தான் கத்தினார் என்று நான் நினைத்தேன். அதற்கும் கத்தியிருக்கலாம்.

சாயந்திரம் நான் ஆபீசுக்குத் திரும்பிய பிறகு பூல்பாண்டி சொட்டச் சொட்ட வந்தான். கம்பை வைத்துக் கிளையைத் தள்ளிவிட்டு லைனைச் சரி செய்துவிட்டான்.

“எந்த எடம்?” என்று தெரியாத மாதிரி கேட்டேன்.

“ஏதோ ஒரு மரம்மா. இருட்டிட்டு வந்துச்சு, நம்பர் பாக்கல.”

பதிவேட்டை எடுத்து நானே எழுதினேன். பதினேழு.

அக்டோபர் 17

செயற்பொறியாளருக்குக் கடிதம் அனுப்பினேன். பதினேழாம் நம்பர் சிவப்பு சரி. நிழல் இல்லை, மேகம் இல்லை. நாளை அகற்றப்படும். உரிமையாளர் சம்மதம் பெறப்பட்டது.

ஹெப்சிபாவுக்கும் போன் பண்ணினேன். “உன் படம் சரியாத்தான் இருக்கு” என்றேன்.

“தேங்க்ஸ் மேடம். யாரு வெட்டிட்டு இருந்தாங்கன்னு தெரிஞ்சுதா மேடம்?”

“என் வீட்டுக்காரர்.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

மாலையில் தங்கப்பழம் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“நாளைக்கு நாவலை எடுக்கியளாமே. அது முடிஞ்சதும் அப்படியே நம்ம தோப்புக்கும் ஆளை அனுப்பிருங்க.”

“மாடன்?”

“ஆத்தங்கரைக்கு மாறிட்டாரும்மா. அங்கன காத்து நல்லாருக்காம்.” கொஞ்சம் தயங்கி, “குத்தாலிங்கண்ணாச்சி எப்படியிருக்காவ?” என்றார்.

முதுகில் புண் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் அவர் மகள் ஒரு தூக்கில் சோற்றுக்கற்றாழை கொண்டுவந்து கொடுத்தாள்.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல உட்கார்ந்தேன். ரசம் கொதிக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

அக்டோபர் 18

மழை விட்டிருந்தது. ஒன்பது மணிக்குப் பூல்பாண்டி, நாலு கூலி ஆட்கள், ஏணி, கயிறு, மெஷின். தெருவில் பாதிப் பேர் வேடிக்கை. சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டு முறைப்படி எல்சி வாங்கியாயிற்று. லைனில் கரண்ட் இல்லை என்று சோதித்து, எர்த் கம்பியும் மாட்டியாயிற்று.

ஒருவனும் மரத்தின் பக்கம் போகவில்லை.

“என்ன நிக்கிய?” என்றேன்.

“துணி கெடக்குல்லாம்மா” என்றான் பூல்பாண்டி.

“கழட்டிப் போடு.”

“கட்டுனவுகதான் கழட்டணும்.”

தெருவே என்னைப் பார்த்தது. செல்லத்தாய் மட்டும் வானத்தைப் பார்த்தாள். யார் கட்டினார்களோ, வீட்டு உரிமையாளர் என்ற முறையில் நான் போய்க் கழற்றினேன். முடிச்சு இறுகியிருந்தது. நல்ல முடிச்சு. நேரம் பிடித்தது.

“இப்போ வெட்டலாம்லா?”

“உத்தரவு கேக்கணும்லா மதினி.”

“யார்கிட்ட?”

அவன் தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வீட்டைச் சுற்றி வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றான். நான் உள்ளே ஓடினேன். இவர் கண் ஏற்கெனவே அவன் மேல் இருந்தது. ஏணி, கயிறு, மெஷின் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். இனி நான் சொல்ல ஒன்றுமில்லை.

பூல்பாண்டி, சப்ஸ்டேஷனில் பேசுகிற அதே குரலில், நிமிர்ந்து நின்று சொன்னான்.

“அண்ணாச்சி, வயர்மேன் பூல்பாண்டி பேசுதேன். பதினேழாம் நம்பர் நாவல் மரம். முழுசா எடுக்கணும். லைன் ஆஃப், எர்த் போட்டாச்சு, நாலு ஆளு. எல்சி வேணும்.”

இவர் அவனைப் பார்க்கவில்லை. மரத்தைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சப்ஸ்டேஷனில் கொடுத்த நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, ஊரெல்லாம் கரண்ட் இல்லை. சொல்லிவிடுங்களேன் என்று கத்த வேண்டும் போல இருந்தது. சொல்லாதீர்கள் என்றும் இருந்தது. கிளி ஒன்று வந்து உட்கார்ந்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

நல்ல கையைத் தூக்கினார். மெத்தையில் இருந்து ஒரு சாண்.

“எல்சி” என்றார்.

“எல்சி வாங்கியாச்சு அண்ணாச்சி” என்றான் பூல்பாண்டி. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு போனான்.

மதியத்துக்குள் முடிந்தது. கிளையைக் கயிறு கட்டி இறக்கினார்கள், லைனில் ஒரு இலை படவில்லை. இவர் கண்ணை மூடவே இல்லை. ஒவ்வொரு கிளைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார், வேலை வாங்குகிற மாதிரி. கட்டிலைத் திருப்பட்டுமா என்று நான் கேட்டதற்கு முறைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமான புதிதில் பிடித்தது, அப்புறம் இன்றுதான் பகலில் பிடிக்கிறேன்.

கடைசியில் பூல்பாண்டி மறுபடியும் ஜன்னலுக்கு வந்தான். பிடரி முடியில் நாவல் இலை.

“வேலை முடிஞ்சுது அண்ணாச்சி. ஆளு எல்லாம் கீழ எறங்கியாச்சு, எர்த் எடுத்தாச்சு. எல்சி ரிட்டர்ன்.”

இவர் தலையை ஆட்டினார். பிறகுதான் கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. மெத்தை கொர்ரென்று காற்று ஏற்ற ஆரம்பித்தது.

ஜன்னலில் இப்போது மூன்று கம்பியும் வானமும் தெரிகிறது. அடுத்த படத்தில் எங்கள் வீடு பச்சையாகிவிடும் என்று ஹெப்சிபா சொன்னாள்.

சொன்னது: எல்சி. பொருள்: எல்சி.